முன்னால் போகிறவரை மூன்று பேர் சேர்ந்து மடக்கலாமா?

கேள்வி, 12 ஜூன் 2025

கேட்டன் (மரம், செங்கல், ஆடு, கோதுமை, கல் என்று கார்டு சேர்த்து, ரோடு, வீடு, சிட்டி கட்டிப் புள்ளி ஏற்றுகிற போர்டு ஆட்டம்) ஆடும்போது ஒருவர் ஜெயிக்கிற நிலைக்கு வந்ததும், இனிமேல் அவரோடு டிரேட் (கார்டு மாற்றிக்கொள்வது) கிடையாது என்று மற்ற மூன்று பேரும் பேசிவைத்துக்கொள்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இதனால் பெரிய சண்டை. என் மச்சினர் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டார்.

12 ஜூன் 2025, இரவு

ஏமாற்று இல்லவே இல்லை. டிரேட் செய்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. என் கையில் இருக்கும் செங்கல் என்னுடையது. யாருக்குத் தருவது, யாருக்குத் தராமல் இருப்பது என்பது என் இஷ்டம். 10 புள்ளி தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஒருவர் 8-இல் நிற்கும்போது அவர் கேட்டார் என்று கோதுமையை எடுத்து நீட்டுகிறவருக்கு ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை என்றுதான் சொல்வேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் 2019-லிருந்து சனிக்கிழமை ராத்திரிகளில் ஆடுகிறோம். நான், என் தங்கச்சி, கல்லூரி நண்பன் ஒருவன் (பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறான், அதனால் எங்களுக்கு வாத்தியார்), முன்பு பக்கத்து வீட்டில் இருந்த அண்ணா ஒருவர். அண்ணாவுக்கு வங்கி வேலை, இப்போது குரோம்பேட்டையில் குடியிருக்கிறார். முன்னால் போகிறவருக்கு டிரேட்டை நிறுத்துவது எங்கள் மேஜையில் ரொம்ப சகஜம்.

ஆட்டமே அதற்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. இரண்டு பகடையும் சேர்ந்து 7 விழுந்தால் திருடனை நகர்த்தி, முன்னால் இருப்பவரின் நல்ல நிலத்தின் மேல் உட்காரவைக்கலாம். பிறகு அவர் கையிலிருந்து ஒரு கார்டும் உருவலாம். 7 கார்டு சேர்த்து வைத்திருந்தால் பாதி போய்விடும். இதெல்லாம் மட்டும் அடிப்பது இல்லையா? உங்கள் மச்சினர் எழுந்து போனது தப்பு.

13 ஜூன் 2025

திருத்தம். 7 கார்டு என்று எழுதியது தவறு என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. 7-க்கு மேல், அதாவது 8 கார்டு இருந்தால்தான் பாதி போகும். நாங்கள் இத்தனை வருஷமாக 7-க்கே பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த ஒரு கார்டு சாதாரணமானது இல்லை. நான்கு பேர் ஆடினால், நான் கட்டி முடித்துவிட்டு மறுபடி கட்ட முடிவதற்குள் பகடை நான்கு தடவை உருளும். நான்கில் ஒரு தடவையாவது 7 விழ 52 சதவீத வாய்ப்பு. பூவா தலையா போடுவதை விடக் கொஞ்சம் மோசம். கல் இன்னும் ஒன்று வந்தால் சிட்டி கட்டலாம் என்று காத்திருப்பதா, பயந்துபோய் இருப்பதை வைத்து ஒரு ரோடு போட்டுவிடுவதா என்கிற முடிவே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நாங்கள் அதைத் தப்பான எண்ணில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

விதிப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். பெட்டிக்குள் அந்த பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

14 ஜூன் 2025, சனி, இரவு 11.40

புத்தகம் கிடைத்தது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

டிரேட் பகுதியில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கிறது. யாருடைய முறையோ அவரோடுதான் மற்றவர்கள் டிரேட் செய்யலாம், மற்றவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளக் கூடாது. சும்மா கார்டு கொடுக்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும். ஒரே சரக்கை ஒரே சரக்குக்கு மாற்றுவதும் கூடாது, இரண்டு ஆட்டைக் கொடுத்து ஒரு ஆடு வாங்குவது மாதிரி.

இந்த மூன்றில் முதல் விதி எங்கள் நான்கு பேருக்குமே தெரியாது. இல்லை, மூன்று பேருக்குத் தெரியாது என்று எழுதுவதுதான் சரி. நாளைக்குச் சொல்கிறேன்.

15 ஜூன் 2025

2023 நவம்பர், சனிக்கிழமை. சாயங்காலத்திலிருந்து மழை. அண்ணா குரோம்பேட்டையில் ரயில் ஏறி, மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழக்கம்போலக் கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார். பேண்ட் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

அன்றைக்கு அவர் ஆட்டம் அருமையாக இருந்தது. ரோடு அவருடையதுதான் நீளம், சிட்டி இரண்டு, எல்லாம் சேர்த்து 9. நானும் 9. வாத்தியார் 6, தங்கச்சி 5. அண்ணாவுக்கு ஒரே ஒரு வீடு போதும். இடமும் தயாராக இருந்தது. மரம், ஆடு, கோதுமை மூன்றும் கையில் வைத்திருந்தார். செங்கல்தான் இல்லை. எங்கள் மூன்று பேரிடமும் கேட்டார், மூன்று ஆடு தருகிறேன் என்றார். யாரும் கொடுக்கவில்லை. ஆட்டத்தின் வங்கியில் ஒரு செங்கல்லாக மாற்ற நாலு ஆடு வேண்டும், வீடு கட்ட ஒன்று போக அவரிடம் மிச்சம் இருந்தது மூன்று. அதைவிடக் குறைவாகக் கொடுத்து மாற்ற உதவும் துறைமுகமும் அவருக்கு இல்லை. இதுவரைக்கும் நான் முதல் நாள் எழுதியதில் மாற்றம் இல்லை, இது நியாயம்தான்.

அடுத்த சுற்றில் அவர் உருட்டினார், 7. திருடனைத் தூக்கிக்கொண்டுபோய் தங்கச்சியின் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் கையில் இரண்டே கார்டு, ஒன்று செங்கல், ஒன்று கல். அவள் செங்கல் எடுத்ததை அவர் பார்த்து நினைவில் வைத்திருந்தார். அவர் கையை நீட்டுகிறார். அதற்குள் அவள், "இருங்க, எங்க அண்ணனோட எனக்கு ஒரு டிரேட் இருக்கு" என்று சொல்லி, என் பக்கம் திரும்பி அந்தச் செங்கல்லை நீட்டினாள். நான் ஒரு ஆட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அவர் உருவியது அந்த ஆடு.

"என் டர்ன்ல நீங்க ரெண்டு பேரும் எப்படி டிரேட் பண்ணலாம்?" என்று கேட்டார். அப்படியெல்லாம் விதி இல்லை என்றேன். அடுத்து என் முறை. அதே செங்கல்லை வைத்து வீடு கட்டி 10 தொட்டேன். அவர் தன் காய்களை எல்லாம் நிறம் மாறாமல் கவரில் போட்டு மூடிவிட்டு, "கடைசி ரயிலைப் பிடிக்கணும்" என்று கிளம்பினார். மணி ஒன்பதரை. அந்த நேரத்தில் ரயிலுக்கு ஒரு பஞ்சமும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பத்தொன்பது மாதமாக மூன்று பேராக ஆடுகிறோம்.

15 ஜூன் 2025, பிற்பகல்

"அப்படியென்றால் அவர் ஜெயித்திருப்பார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் காலையிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டேய், ரெண்டு கார்டுல ஒண்ணு செங்கல். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை நீங்க சைபர் ஆக்கினீங்க" என்றான். பாதி. அவர் நிச்சயம் ஜெயித்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

இன்னொருவர், உன் முறையில் நீ அதே டிரேட்டைச் செய்திருக்கலாமே, எப்படியும் நீதானே ஜெயித்திருப்பாய் என்கிறார். செய்திருக்கலாம், செங்கல் அவர் கைக்குப் போகாமல் தப்பியிருந்தால். அவர் அதை உருவியிருந்தால் என் முறையே வந்திருக்காது.

19 ஜூன் 2025

நான்கு நாளாக யோசித்ததில் ஒன்று தோன்றுகிறது. கேள்வி கேட்டவருக்கு நான் முதலில் சொன்ன பதில் சரிதான், ஆனால் அவருடைய மச்சினருக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு முதல் போர்டு செஸ்தான். எனக்கும் அப்படித்தான். ஆனந்த் விளையாடிய ஊர் என்று சொல்லிச் சொல்லியே ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட மரத்தடியில் உட்காரவைத்தார்கள். செஸ்ஸில் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தாலும் அது குற்றம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 14-வது ஆட்டத்தில் டிங் லிரனை ஜெயித்தாரே, அந்த மேஜையில் மூன்றாவது ஆளுக்கு வேலையே கிடையாது. தப்பும் சரியும் அந்த இரண்டு பேருக்குள்தான். அந்தப் பழக்கத்தோடு கேட்டனுக்கு வருகிற ஆளுக்கு, மூன்று பேர் கண்ணால் பேசிக்கொள்வதைப் பார்த்தாலே உடம்பு எரியும்.

கேட்டனோ மூன்றாவது ஆள் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. கிளாஸ் டோய்பர் 1995-இல் வெளியிட்ட அந்த ஆட்டம் மூன்று அல்லது நான்கு பேருக்கானது. அவர் பல் செட் செய்து கொடுக்கும் டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டு, ஆட்டங்களை உருவாக்கியவர். 2023-இல் காலமானார். இரண்டு பேர் டிரேட் செய்தால் இரண்டு பேருக்கும் லாபம், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நஷ்டம். மூன்றாவது ஆள் இருந்தால்தான் இந்தக் கணக்கே ஓடும்.

நம்மிடம் ஆடு புலி ஆட்டம் இருக்கிறது. இரண்டு பேர் ஆடுவதுதான், ஆனால் அதன் விஷயமே கூட்டு. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு யாரையும் வெட்ட முடியாது, பதினைந்தையும் போர்டில் இறக்கி முடிக்கிற வரைக்கும் நகரக்கூட முடியாது. எங்கள் பெரியப்பா ஊரில் கோயில் மண்டபத் தரையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு, புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குப் பொடிக்கல் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் எப்போதும் புலியைக் கேட்பேன். ஆட்டுக்காரர் ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆட்டை வைத்தால் தாண்ட இடம் இருக்காது. அப்படியே ஒவ்வொன்றாக அடைத்து, கடைசியில் மூன்று புலிக்கும் நகர வழி இல்லாமல் போகும். அப்போது பெரியப்பாவைப் பார்த்து ஏமாற்று என்று நான் அழுததே இல்லை. ஆடுகள் அப்படித்தான் ஜெயிக்கும் என்று ஆரம்பத்திலேயே தெரியும்.

எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கூட்டுச் சேர்வதில் தவறில்லை. உங்கள் மச்சினருக்கு அது தெரியுமா? யாராவது சொன்னீர்களா?

22 ஜூன் 2025

தங்கச்சியிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "நான் ஒண்ணும் உன்னை ஜெயிக்கவைக்கலை. அவர் ஜெயிக்கக் கூடாதுன்னு பண்ணேன்" என்றாள்.

"நீ அஞ்சுல இருந்தே. உனக்கு யார் ஜெயிச்சா என்ன?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேற யாராவது 9-ல இருந்திருந்தா செங்கல்லைக் கொடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

இதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவர் எதற்காக ஆட வேண்டும்? விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. வாத்தியார் சொல்வது, கடைசி வரைக்கும் தன் புள்ளியை ஏற்றத்தான் ஆட வேண்டும், ஐந்தை ஆறாக்குவதும் ஆட்டம்தான் என்று. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வாத்தியார் 6-இல் இருந்துகொண்டு செங்கல் கொடுக்க மறுத்தது, இன்னும் ஒரு சுற்று கிடைத்தால் ஏதாவது நடக்கும் என்பதற்காக. என் தங்கச்சி கொடுத்தது நான் அவள் அண்ணன் என்பதற்காக. இரண்டும் ஒன்று இல்லை. கணவன் மனைவி, அண்ணன் தங்கச்சி என்று ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் உட்காரும் மேஜையில் மற்றவர்கள் எப்போதும் அரைப்படி குறைவாகத்தான் ஆடுகிறார்கள். இதை நான் இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை, லாபம் என் பக்கம் இருந்ததால்.

24 ஜூன் 2025

மின்விசிறி ஓடினால் கார்டு பறக்கிறது, நிறுத்தினால் ஆட முடியவில்லை, சென்னையில் எப்படி ஆடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விசிறியை இரண்டில் வையுங்கள். வங்கிக் கார்டு ஐந்து அடுக்கையும் ஐந்து எவர்சில்வர் கிண்ணத்தில் நிற்கவைத்துவிடுங்கள். பகடையை டபராவில் உருட்டுகிறோம், தரையில் ஓடாது, கட்டிலுக்கு அடியில் தேட வேண்டாம். சத்தமும் நன்றாக இருக்கும். வியர்வைக் கையில் கார்டு ஒட்டி வளைந்துவிடும், பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். எங்களுடைய ஆட்டுக் கார்டு ஒன்றின் மூலையில் மிளகாய் பஜ்ஜி எண்ணெய்க் கறை இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே தெரியும். அதற்காகவே உறை வாங்கினோம்.

28 ஜூன் 2025

அண்ணாவுக்கு போன் செய்தேன். மூன்று நாள் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு இன்றைக்குத்தான் செய்தேன்.

விதியைப் படித்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி, அந்த டிரேட் செல்லாது, மன்னிக்கணும் என்றேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்பா. நான் வீட்டுல பையனோட ஆடறேன், புக்கைப் படிச்சிருக்கேன்" என்றார். பிறகு ஏன் எடுத்துக் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டத்தான் பெட்டியைப் பார்த்தேன். நீங்க மூணு பேரும் சிரிச்சீங்க."

15-ஆம் தேதி எழுதியதில் இதை விட்டிருந்தேன். மறந்துவிட்டேனா, வேண்டாம் என்று விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. எப்படி டிரேட் பண்ணலாம் என்று அவர் கேட்டதும் நாங்கள் சிரித்தோம். வாத்தியார் கூட. அவர் கையில் அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். இப்போது எழுதும்போது அது கண் முன்னால் நிற்கிறது. செங்கல்லை அவர் இரண்டு வருஷம் சுமக்கவில்லை.

வரச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்.

6 ஜூலை 2025, ஞாயிறு

நேற்று வந்தார். கடலைப் பொட்டலத்தோடு.

உட்கார்வதற்கு முன்பே வாத்தியார் விதிப் புத்தகத்தை போர்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்தான். பேசி முடிவு செய்தது மூன்று. முறை யாருடையதோ அவரோடு மட்டும் டிரேட். யாருக்காவது டிரேட்டை நிறுத்துவதாக இருந்தால் அவர் முகத்துக்கு நேராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நானும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. மூன்றாவதைச் சொன்னது தங்கச்சி.

ஆட்டத்தைச் சொல்கிறேன். எனக்கு முதல் வீடே தப்பாக அமைந்தது. 5-இல் தேங்கிவிட்டேன். அண்ணா முதல் வீட்டையே மூன்றுக்கு ஒன்று துறைமுகத்தில் வைத்தார். அங்கே நிலம் சுமார்தான், ஒரு பக்கம் 11, ஒரு பக்கம் 4. இரண்டு பகடையும் விழுகிற 36 விதத்தில் 11 வருவது 2, 4 வருவது 3. ஏன் அங்கே போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. 8-இல் அவர் நின்றபோது தங்கச்சி அவரைப் பார்த்து, "அண்ணா, இனிமே உங்களோட டிரேட் கிடையாது" என்றாள். வாத்தியாரும் நானும் சரி என்றோம். அவர் தலையாட்டிவிட்டு, மூன்று ஆட்டைக் கிண்ணத்தில் போட்டு ஒரு கல் எடுத்தார். அப்போதுதான் புரிந்தது. நாங்கள் நிறுத்துவோம் என்று முதல் காயிலேயே எதிர்பார்த்திருக்கிறார்.

அப்படியே 9 வந்தார். ஜெயித்தது வாத்தியார். மூடிவைத்திருந்த புள்ளிக் கார்டு இரண்டைத் திருப்பி 10 காட்டினான். அண்ணா அந்த இரண்டு கார்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எப்போ வாங்கினே? நடுவுல அந்த ரெண்டு ரவுண்டா?" என்று கேட்டார். வாத்தியார் விளக்க, இரண்டு பேரும் ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அது அரைமணி நேரம் போனது.

"இன்னொண்ணு போடலாமா?" என்றார். மணி பத்தரை. போட்டோம். அதில் தங்கச்சி ஜெயித்தாள். என்னிடம் ஒரு தடவைகூட டிரேட் கேட்கவில்லை.

போர்டை எடுத்துவைக்க நேரம் இல்லை. நள்ளிரவு நெருங்கிவிட்டது, அண்ணா செருப்பை மாட்டிக்கொண்டே படியிறங்கினார். நான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் விட்டேன். கடைசி ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை ஓடித்தான் பிடித்தார்.